இரண்டு சீட்டு வண்டி

ஹாஜா முகைதீனின் பொறாமை நெஞ்சில் இருந்தது என்று சொன்னால் சரியாக இருக்காது. அது சஹனில் இருந்தது. கீழக்கரையில் கல்யாணமான பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்து சேர வேண்டும். ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் என்றால் இரண்டு மாப்பிள்ளைகளும் அங்கேதான். இருவருக்கும் சோறு ஒரே பெரிய தாம்பாளத்தில் வரும். அதுதான் சஹன். ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து தன் தன் பக்கத்தில் இருப்பதைச் சாப்பிட வேண்டும். ஈரல் எந்தப் பக்கம் விழுகிறது, எலும்பு எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தால் போதும், அந்த வீட்டில் யாருக்கு எவ்வளவு மரியாதை என்று சொல்லிவிடலாம்.

ஹாஜா மூத்த மாப்பிள்ளை. காலிதாவைக் கட்டிக்கொண்டு எட்டு வருஷமாக அந்த வீட்டில் இருக்கிறான். ராமநாதபுரத்தில் ஒரு பஸ் கம்பெனியின் பட்டறையில் மேஸ்திரி. பஸ் தெருமுனை திரும்பும்போதே சத்தத்தைக் கேட்டு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவான். ஆனால் எவ்வளவு சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் இருக்கிற கிரீஸ் மட்டும் போவதில்லை.

இளைய மாப்பிள்ளை சதக்கத்துல்லா. காலிதாவின் தங்கை ஹமீதா பானுவின் புருஷன். கொழும்பில் சங்கு வியாபாரம். வருஷத்துக்கு ஒரு தடவை நாற்பது நாள் வருவான். அந்த நாற்பது நாளும் வீடு அத்தர் மணக்கும். மாமி சுலைகா அடுப்படியை விட்டு அசைய மாட்டாள். சஹன் வந்து இறங்கும்போது ஈரல் சதக்கத்துல்லா பக்கம் இருக்கும், எலும்பு ஹாஜா பக்கம் இருக்கும்.

"தம்பி கடல் தாண்டி இருக்குறவரு. அங்கன அவருக்கு யாரு ஆக்கிப் போடுறா" என்பாள் மாமி. கடல் தாண்டாமல் பஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறவனுக்கும் வாய் என்று ஒன்று இருக்கிறது என்று ஹாஜா மனசுக்குள் சொல்லிக்கொள்வான். வெளியே எலும்பைக் கடிப்பான்.

இதில் கொடுமை என்னவென்றால் சதக்கத்துல்லா நல்லவன். அவன் கொஞ்சம் திமிர் பிடித்தவனாக இருந்திருந்தால் ஹாஜாவுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். தன் பக்கத்து ஈரலில் பாதியை எடுத்து, "சாப்பிடுங்க காக்கா" என்று அண்ணன் முறை சொல்லித் தள்ளி வைப்பான். தள்ளி வைத்த ஈரல் தொண்டையில் இறங்குமா?

அந்த வருஷம் வந்த மூன்றாம் நாள் சதக்கத்துல்லா ஒரு செய்தி சொன்னான். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவன் சீமைக்குத் திரும்பும்போது தன் காரை தனுஷ்கோடியிலேயே விற்றுவிட்டுப் போயிருக்கிறான். வாங்கியவர் சின்னச்சாமி என்கிற கருவாட்டு வியாபாரி. தீவில் கார் ஓட்ட ரோடு ஏது? மண்டபத்துக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் ரயில் வேகனில் ஏற்றித்தான் பாம்பன் பாலத்தைத் தாண்ட வேண்டும். சின்னச்சாமி அந்த வம்பே வேண்டாமென்று கைமாற்றப் பார்க்கிறார்.

"செவப்பு வண்டி காக்கா. பந்தயத்துல ஓட்டுற மாதிரி வண்டி. மேல கூரை கெடயாது, ரெண்டே ரெண்டு சீட்டு. நீங்க வந்து பாத்து நல்லதுன்னு ஒரு வார்த்தை சொன்னா வாங்கிப்புடுவேன். ஆகாதுன்னா விட்டுறுவேன்."

இரண்டே சீட்டு. ஒன்று சதக்கத்துல்லாவுக்கு, ஒன்று ஹமீதா பானுவுக்கு. ஹாஜா சட்டென்று கணக்குப் பார்த்துவிட்டான். தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்க்கும். காலிதா ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று தங்கச்சி போவதைப் பார்ப்பாள். அப்புறம் தன் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்ப்பாள். வண்டி நின்றுபோனால் மட்டும் "காக்காவைக் கூப்பிடுங்க" என்பார்கள். வெள்ளிக்கிழமை பகலில் ஜும்ஆத் தொழுகைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு அந்த வண்டிக்கு அடியில் தான் படுத்துக் கிடப்பது அவனுக்குக் கண்கூடாகத் தெரிந்தது.

"பாப்போம்" என்றான்.

அடுத்த வாரம் இருவரும் ரயிலேறித் தனுஷ்கோடியில் இறங்கினார்கள். வண்டி கருவாட்டுக் கிடங்கை ஒட்டிய கொட்டகையில் நின்றது. சின்னச்சாமி சாக்கை இழுத்துப் போட்டதும் ஹாஜாவுக்கு வயிறு எரிந்தது. அவ்வளவு அழகு. நீண்ட மூக்கு, கம்பி வைத்த சக்கரங்கள், முன்னால் மடக்கிப் படுக்க வைக்கிற கண்ணாடி.

முதல் வேலையாக பானெட் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். சில்லென்று இருந்தது. விற்கிறவன் முன்கூட்டியே எஞ்சினைச் சூடு பண்ணி வைத்திருந்தால் ஸ்டார்ட் ஆகாத வண்டியும் ஒழுங்குப் பிள்ளையாக நடித்துவிடும். இது பச்சைத் தண்ணீர் மாதிரிக் குளிர்ந்து கிடந்தும் கைப்பிடியின் ஒரே சுழற்றில் பிடித்துக்கொண்டது. பின்னால் போய்ப் புகையைப் பார்த்தான். எண்ணெய் எரிந்தால் வருகிற நீலம் இல்லை. ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தான். தண்ணீரில் எண்ணெய் மிதக்கவில்லை. எண்ணெய் மூடியில் மோர் மாதிரி நுரை ஒட்டியிருந்தால் கேஸ்கட் போய்விட்டது என்று அர்த்தம், அதுவும் இல்லை.

"இந்த மாதிரி வண்டிய வாங்குறவன் மெதுவா ஓட்ட வாங்க மாட்டான் தம்பி" என்றான். "வெரட்டுறதுக்குத்தான் வாங்குவான். அதனால மொதல்ல கிளட்ச், கியர், பிரேக்கு."

ஈரம் இறுகிய கடற்கரை மணலில் அவனே ஓட்டிப் பார்த்தான். வேகத்தில் போய் இரண்டாவது கியருக்கு மாற்றிக் காலைச் சட்டென்று எடுத்தான். தேய்ந்த பெட்டியாக இருந்தால் கியர் துள்ளி வெளியே வந்துவிடும். இது உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. பிரேக்கை அழுத்திக்கொண்டு டாப் கியரில் கிளட்சை விட்டான். வழுக்காமல் எஞ்சின் இருமி நின்றது. நல்ல கிளட்ச். ஸ்டியரிங்கில் விரலளவு ஆட்டம்கூட இல்லை. முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி ஆட்டிப் பார்த்தான். சக்கரக் கம்பிகளை ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டினான். எல்லாம் ஒரே மாதிரி கணீரென்றன. கதவைத் திறந்து தூக்கிப் பார்த்தான். இந்த வண்டிகளுக்குத் தகரத்துக்கு உள்ளே மரச்சட்டம்தான் எலும்பு; மரம் மக்கினால் கதவு தொங்கும். தொங்கவில்லை.

ஒவ்வொன்றாகப் பாஸ் ஆக ஆக ஹாஜாவின் முகம் இறுகிக்கொண்டே போனது. ஒரு கோளாறு கிடைக்காதா என்று அவன் தேடிய தேடலை எந்த பஸ்ஸிலும் தேடியதில்லை.

கடைசியாக மணலில் முதுகைப் போட்டு அடியில் நுழைந்தான். உப்புக் காற்றில் நின்ற வண்டி, அடியையாவது துரு தின்றிருக்காதா? ஆனால் சின்னச்சாமி கெட்டிக்காரர். தோணிக்குப் பூசுகிற மாதிரி மீன் எண்ணெயும் தாரும் காய்ச்சி அடி முழுக்கப் பூசியிருந்தார். ஹாஜா ஸ்குரூ டிரைவரால் ஒரு இடத்தில் தாரைச் சுரண்டினான். உள்ளே இரும்பு புத்தம் புதிதாக மின்னியது. தட்டினான். கோயில் மணி மாதிரி கேட்டது.

வெளியே சதக்கத்துல்லாவின் பளபளக்கும் செருப்பு இரண்டும் தெரிந்தன. மணல் ஒட்டாத செருப்பு. ஹாஜா அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் படுத்திருந்தான்.

"சேசிஸ்ல வெடிப்பு இருக்கு தம்பி" என்றான் அடியிலிருந்து. "தாரப் பூசி மறச்சிருக்காக."

"என்ன பாய் சொல்லுறீக" என்று சின்னச்சாமி பதறினார். "துருப் பிடிக்கக் கூடாதுன்னு பூசுனது அது."

"தோணிக்கு அடிமரம் ஒடஞ்சா மிச்சம் என்ன இருக்கு? அப்படித்தான் இது. நல்ல வேகத்துல போகையில ரெண்டாப் பிளந்துக்கிடும்."

சதக்கத்துல்லா பட்டுச் சட்டையோடு மணலில் படுத்து அடியில் எட்டிப் பார்த்தான். ஹாஜா காட்டிய இடத்தில் தார் வழிந்து உறைந்த கோடு ஒன்று இருந்தது. அவனுக்கு அதில் ஒன்றும் புரிந்திருக்காது. எழுந்து மணலைத் தட்டிவிட்டுக்கொண்டான்.

"நீங்க சொன்னா சரி காக்கா. வேண்டாம்."

இவ்வளவு சுலபமாக நம்பியதுதான் ஹாஜாவுக்குக் கொஞ்சம் உறுத்தியது. கொஞ்சம்தான். ரயில் பாம்பன் பாலத்தில் ஏறுவதற்குள் சரியாகிவிட்டது.

வீட்டில் சதக்கத்துல்லா எல்லோரிடமும் சொன்னான். காக்கா இல்லாவிட்டால் ஹமீதா பானுவோடு நடுரோட்டில் மௌத்தாகிப் போயிருப்பேன் என்றான். மாமி வாயில் கை வைத்துக்கொண்டாள். மறுநாள் சஹன் வந்தபோது ஈரல் அத்தனையும் ஹாஜா பக்கம் இருந்தது. எட்டு வருஷத்தில் முதல் தடவை. காலிதா கதவோரம் நின்று புருஷனைப் பார்த்த பார்வையில் பெருமை இருந்தது. ஹாஜா ஒரு துண்டு விடாமல் சாப்பிட்டான். அது தொண்டையில் நன்றாகவே இறங்கியது.

நான்கு நாள் கழித்துப் பட்டறைக்கு வந்த முதலாளி வேல்சாமி, "மேஸ்திரி, தனுஷ்கோடில ஒரு செவப்பு வண்டி பாத்தியாமே. வாங்கலாமா?" என்று கேட்டார்.

"கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம் மொதலாளி" என்றான் ஹாஜா.

யோசிக்கவே இல்லை. வாயில் உண்மை தானாக வந்தது. முதலாளி காரில் போனால் ஹாஜாவுக்கு என்ன? அவர் ஆகாய விமானம் வாங்கினாலும் சந்தோஷமாக எண்ணெய் போட்டுக் கொடுப்பான். எதிரே உட்கார்ந்து ஒரே தட்டில் கை வைக்கிறவன் கார் வாங்குவதுதான் பொறுக்காது. மூன்று வாரம் கழித்து வண்டி வேகனில் மண்டபம் வந்து, அங்கிருந்து ராமநாதபுரம் வந்து சேர்ந்தது. சதக்கத்துல்லா கொழும்புக்குத் திரும்ப இன்னும் சில நாள்தான் இருந்தது. அதுவரைக்கும் அவன் கண்ணில் படாமல் இருந்தால் சரி என்று ஹாஜா நினைத்துக்கொண்டான்.

பட்டுவிட்டது. கொழும்புக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் சதக்கத்துல்லா ராமநாதபுரத்தில் சாமான் வாங்கிக்கொண்டு, ஹாஜாவோடு சேர்ந்து பஸ் ஏறலாமென்று பட்டறைக்கு வந்தான். வாசலில் சிவப்பு வண்டி நின்றது. வேல்சாமி ஏறப் போய்க் கதவில் கை வைத்திருந்தார்.

சதக்கத்துல்லா பையைக் கீழே போட்டுவிட்டு ஓடினான்.

"மொதலாளி, ஏறாதீக. சேசிஸ்ல வெடிப்பு இருக்கு. காக்காவே பாத்துச் சொன்னாக. ரெண்டாப் பிளந்துக்கிடும்."

வேல்சாமி கையை எடுத்தார். மெதுவாகத் திரும்பிப் பட்டறைக்குள் பார்த்தார். ஹாஜா கையில் ஸ்பேனரோடு நின்றுகொண்டிருந்தான்.

"என்ன மேஸ்திரி, உன் தம்பி என்னமோ சொல்லுறாரு. நேத்து என் பொஞ்சாதிய ஒக்காத்தி வச்சு ஆர்.எஸ்.மங்கலம் வரைக்கும் போயிட்டு வந்தேன். வெடிப்பு இருக்கா, இல்லையா?"

இருக்கிறது என்றால் முதலாளியையும் அவர் மனைவியையும் தெரிந்தே சாகக் கொடுத்தவன் ஆவான். வேலை போகும், அதோடு விடவும் மாட்டார்கள். இல்லை என்றால் எதிரே மூச்சு வாங்க நிற்கிற தம்பி அதைக் கேட்டுக்கொண்டிருப்பான்.  சதக்கத்துல்லா அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் அந்தக் கண்ணில் பயம்தான் இருந்தது, சந்தேகம் இல்லை.

"இல்ல மொதலாளி" என்றான் ஹாஜா. "ஒண்ணும் இல்ல. நல்ல வண்டி."

சதக்கத்துல்லா வண்டியைப் பார்த்தான், ஹாஜாவைப் பார்த்தான். பிறகு லேசாகச் சிரித்தான்.

"அப்ப நான்தான் தப்பா வெளங்கிக்கிட்டேன். வேற வண்டியச் சொல்லிருப்பாக. மன்னிச்சுக்கங்க" என்றான். கீழே கிடந்த பையை எடுத்து மண்ணைத் தட்டினான்.

கீழக்கரை பஸ்ஸில் இரண்டு பேர் உட்காருகிற சீட்டில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்கள். சதக்கத்துல்லா ஜன்னலுக்கு வெளியே பனைமரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தான். திட்டியிருந்தால் ஹாஜாவும் பதிலுக்குத் திட்டியிருப்பான். எட்டு வருஷத்து எலும்பையெல்லாம் எடுத்துப் போட்டிருப்பான்.  சதக்கத்துல்லா வீட்டிலும் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம் பயணச் சாப்பாடு. சஹன் வந்து இறங்கியது. ஈரல் இன்னும் ஹாஜா பக்கம்தான் இருந்தது. மாமி தண்ணீர் எடுத்து வர உள்ளே போனாள்.

"காக்கா" என்றான் சதக்கத்துல்லா, சோற்றைப் பிசைந்துகொண்டே. "வருஷத்துல நான் எத்தன நாளு இங்கன இருக்கேன்?"

"நாப்பது."

"நான் கொழும்புல இருக்கையில, அந்த வண்டிச் சாவி யாரு கையில இருந்திருக்கும்?"

 தனுஷ்கோடியில் ஹாஜா கிளட்சைப் பார்த்தான், கியரைப் பார்த்தான், கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தான். இதைப் பார்க்கவில்லை. முந்நூற்று இருபத்தைந்து நாள். அந்த இரண்டு சீட்டில் ஒன்றில் தானும் ஒன்றில் காலிதாவும். தெருவே வாசலில் நின்று பார்த்திருக்கும்.

மாமி செம்போடு வந்தாள். இன்னொரு கையில் கிண்ணத்தில் மிச்ச ஈரல் இருந்தது.

"மூத்த மாப்புள கண்ணு இல்லாட்டி என் மக கதி என்ன ஆயிருக்கும்" என்றபடி குனிந்தாள்.

"ஆமா மாமி. காக்கா பக்கமே வைங்க" என்றான் சதக்கத்துல்லா.

அவள் வைத்துவிட்டு நகராமல் நின்றாள். ஹாஜா ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டான். அவள் பார்த்துக்கொண்டே நின்றதால் மென்று விழுங்க வேண்டியிருந்தது. பிறகு அடுத்த துண்டை எடுத்தான்.