கருணாகரன் கை நனைத்த வீடு

வியாசர்பாடிக்காரனுக்கு மீன் தெரியாது என்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்தில் நியாயமே கிடையாது. எனக்கு நிஜமாகவே மீன் தெரியாது. தட்டில் விழுந்தால் சாப்பிடுவேன், அவ்வளவுதான். ஆனால் அதைக் கருணாகரன் சொன்னபோது வாயைத் திறக்க முடியவில்லை. அவர் கீர்த்தியின் அப்பா. நான் பெண் கேட்டுப் போயிருந்தேன்.

சாதியை இழுப்பார் என்று இரண்டு நாள் கண்ணாடி முன்னால் நின்று பதில் மனப்பாடம் செய்துகொண்டு திருவொற்றியூர் குப்பத்துக்குப் போனேன். கருணாகரன் முப்பது வருஷம் விசைப்படகில் கடலுக்குப் போனவர். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் படகு கரையில் கிடந்தது, இவர் வீட்டில் எரிச்சலாகக் கிடந்தார்.

"பேர் இன்னா?"

"பீம்ராவ்ங்க."

"வேல?"

"மணலி ரிஃபைனரில டேங்கர் லாரிக்கு எட போடுற எடத்துல சூப்பர்வைசருங்க."

"மீன் தெரியுமா?"

மனப்பாடம் செய்ததெல்லாம் வீண். நான் முழித்த முழியிலேயே அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"மீன் தெரியாதவனுக்குக் குடுத்தா என் பொண்ணு பட்டினியே கெடக்கும். ஞாயித்துக்கெழம என்ன இட்டுனு போ. ராயபுரம் பக்கம் நல்ல மீனு போடுற கடை ஒண்ணு காட்டு. காட்டிட்டன்னா பேசலாம். இல்லன்னா நீ யாரோ, நான் யாரோ."

"எங்க நைனா சொன்னா சொன்னதுதான்," என்று வாசலில் கீர்த்தி என் காதைக் கடித்தாள். "சொதப்பிடாதடா, ப்ளீஸ்."

ஞாயிற்றுக்கிழமை முதலில் போனது போனில் நாலரை ஸ்டார் வாங்கிய ஏசி கடை. மனிதர் மெனு கார்டைத் தொடவே இல்லை. நேராகச் சமையல்கட்டுக்குள் நுழைந்து ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தார். "இது செத்து பதினாறாம் நாள் காரியமே முடிஞ்சிருக்கும். வா வெளிய." இரண்டாவது கடையில் வறுவல் வாசனையை முகர்ந்ததோடு சரி. "எண்ணெ உங்க மணலி ரிஃபைனரில இருந்து டேங்கர்ல வருதா?" என்று கடைக்காரர் முன்னாலேயே என்னைக் கேட்டார். எனக்கு மானமே போயிற்று.

வேறு வழியில்லாமல், என்னோடு வேலை செய்யும் அமீருக்குப் போன் போட்டேன். அவன் ராயபுரத்துப் பையன்.

"காசிமேடு போ மாமு. ஒரு மெஸ் கீது, போர்டு கெடையாது. சந்துக்குள்ள வூட்டு முன்னால பந்தல் போட்டு பெஞ்சு போட்டுக்கீறாங்க. கொழம்பு வாசன வரும், அத்த புடிச்சிகினே போ."

போனோம். வாசனை வந்தது. பந்தல் இருந்தது, பெஞ்சு இருந்தது. கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியில் ஒருவர் ஓடிவந்து இரண்டு கையையும் கூப்பினார்.

"வாங்க வாங்க. மத்தவங்கல்லாம் பின்னால வராங்களா?"

"மத்தவங்கள பத்தி உனுக்கு இன்னா? எல போடு," என்றார் கருணாகரன்.

"மொதல்ல பேசிட்டு, அப்பால சாப்பாடு..."

"பேச்செல்லாம் அப்பால. பசி உயிர் போவுது."

இலை விழுந்தது. கருணாகரன் குழம்பை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். உடனே வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள். "பெரியவரு கை நனைச்சிட்டாரு!" உள்ளே பத்துப் பேர் சிரித்தார்கள், யாரோ கைதட்டினார்கள்.

"கவனிப்பு சோக்கா கீதே," என்றார் கருணாகரன்.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. வறுவல் இன்னும் இரண்டு கேட்டார். ஃபேனைத் தன் பக்கம் திருப்பச் சொன்னார். "தண்ணி யாரு வெப்பாங்க, உங்க தாத்தாவா?" என்று அதட்டினார். குழம்பில் புளி தூக்கல் என்றார், ஆனால் மூன்று முறை வாங்கி ஊற்றிக்கொண்டார். வேட்டிக்காரர் ஒவ்வொன்றுக்கும் "தோ, தோ" என்று வியர்த்து வழிய ஓடினார். கடைசியில் கருணாகரன் என் முதுகில் ஒன்று வைத்தார்.

"தடை இல்லாத ஃபைபர் போட்டுல காலைல வந்த கெழங்கான் மீனுடா. இது கடை!"

கீர்த்தி கிடைத்துவிட்டாள் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

"எவ்ளோ ஆச்சி? வெக்கப்படாம சொல்லு," என்று கருணாகரன் வேட்டிக்காரரைக் கேட்டார்.

அந்த மனிதர் எதிர் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"பத்து சவரன். ஒரு பைக்கு. அதுக்கு மேல என்ன வித்தாலும் முடியாதுங்க."

"நாலு துண்டு கெழங்கானுக்கா?"

அப்போதுதான் கதவிடுக்கில் பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக ஒரு பெண் எட்டிப் பார்ப்பதைக் கவனித்தேன். இது மெஸ் இல்லை. சம்பந்தம் பேச வருகிற மாப்பிள்ளை வீட்டாருக்காகப் போட்ட பந்தல். பேச்சு முடியாமல் பெண் வீட்டில் யாரும் கை நனைக்க மாட்டார்கள், நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். கருணாகரன் முழங்கை வரைக்கும் நனைத்திருந்தார்.

இரண்டு பேரிடமும் விஷயத்தைச் சொன்னேன். கடை காட்டு என்றவருக்கு நான் கல்யாண வீட்டைக் காட்டியிருந்தேன். எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன்.

வேட்டிக்காரர், அவர் பெயர் ஜெகதீசனாம், கோபப்படவே இல்லை. "நான் இன்னா பண்றது? அவங்கள நேர்ல பாத்ததே இல்ல. நீங்க அதட்டுன அதட்டு மாப்ள வூட்டு அதட்டு மாரியே இருந்துச்சி."

கருணாகரன் இலையை மடித்தார். "எனுக்கும் ஒரு பொண்ணுதான்யா," என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்க வூட்ல எவ்ளோ கேப்பாங்க?"

"எங்கம்மாவா? எவளாவது உன்ன இட்டுனு போனா போதும்னு சொல்லிகினு கீது."

அவர் சிரிக்கவில்லை. அதற்குள் சந்து முனையில் வேன் ஹாரன் கேட்டது. எர்ணாவூரிலிருந்து நிஜமான மாப்பிள்ளை வீட்டார், பதினைந்து பேர். முன்னால் இறங்கிய பெரியப்பா உட்கார்வதற்கு முன்பே, "இன்னாய்யா, ஒரு தண்ணி குடுக்கக்கூட ஆளில்லியா?" என்று கத்தினார்.

ஜெகதீசன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவர்களை வரவேற்க ஓடினார். கருணாகரன் எழுந்தார். கையைக் கழுவினார், வேட்டியை மடித்துக் கட்டினார். "தோ வருதுங்க!" என்று அவர் பணிவாகச் சொன்னதை நான் அன்றுதான் கேட்டேன்.

"இவங்களுக்கு ஆளு பத்தல. நாம பொண்ணு வூட்டு பக்கம்," என்றார் என்னிடம். நான் திகைத்துப்போய் நின்றேன்.

"இன்னா மசமசன்னு நிக்கிற? ஜக்க எடு மாப்ள!"

கீர்த்திக்கு உடனே போன் போட வேண்டும். இரண்டு கையிலும் ஜக்கு.