ஏழு தொட்டி மெரியல்

இதைச் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. வில்ஃப்ரெட் கிட்டின்ஸ் எதையும் ஒரே மூச்சில் சொல்லி முடிப்பவர் அல்ல. ஒரு பிப்ரவரியில் கொஞ்சம் சொல்வார், அடுத்த பிப்ரவரியில் கொஞ்சம். நடுவில் கோப்பையில் தேநீர் ஆறி ஆடை கட்டும்வரை மௌனம். விற்றுப்போன பூத்தொட்டிகள் ஏழா எட்டா என்பதில் அவருக்கே குழப்பம் இருந்தது. ஏழு என்றே வைத்துக்கொள்கிறேன்.

வில்ஃப்ரெட்டின் ஊரான ஆஷ்காட்டில் பிப்ரவரி என்றால் மண்டியிடும் மாதம். ஊரில் பாதிப் பேருடைய கால்சட்டையில் முழங்கால் பக்கம் மட்டும் ஈர மண் அப்பியிருக்கும். எல்லாம் ஸ்னோடிராப் என்கிற குளிர்காலக் கிழங்குப் பூ படுத்தும் பாடு. பார்த்தால் எல்லாம் வெள்ளைதான், எல்லாம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் நிற்கும். ஆனால் பூவை விரலால் நிமிர்த்திப் பார்த்து, உள்ளிதழின் பச்சைக் குறி கடுகளவு மாறியிருந்தாலும் அது வேறு வகை, அதற்கு வேறு பெயர். ரயில்வே சிக்னல் பெட்டியில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்து ஓய்வு பெற்ற வில்ஃப்ரெட்டிடம் நூற்று நாற்பது வகை இருந்தன. அவற்றில் ஒன்று மட்டும் வேறு யாரிடமும் இல்லை.

அதைக் கண்டெடுத்தது அவருடைய மகள் மெரியல். பத்து வயதில், இடிந்த சுண்ணாம்புக் காளவாய்க்குப் பின்னால். மூன்று வெளியிதழில் ஒன்று மட்டும் குட்டை. உள்ளே பச்சைக் குறி இடது பக்கம் சாய்ந்திருக்கும், அவசரத்தில் போட்ட சரி அடையாளம் மாதிரி. "அப்பா, இதுக்கு ஒரு கால் நொண்டி" என்று சொல்லி, மண்ணோடு பெயர்த்து, தொப்பியில் வைத்துக் கொண்டுவந்தாள். அடுத்த பிப்ரவரியில் அது பூப்பதற்குள் மூளைக்காய்ச்சல் வந்து, நான்கே நாளில் போய்விட்டாள். வில்ஃப்ரெட் அந்தச் செடிக்கு அவள் பெயரை வைத்தார். ஈயப் பட்டையில் ஆணியால் கீறித் தோட்டத்து ஹேசல் மரத்தடியில் குத்தினார். அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம், அந்தப் பெயரை வீட்டுக்குள் வாய் திறந்து சொன்னதில்லை.

இந்தப் பூக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அரிதாக ஏதாவது கிடைத்தால் முதல் காரியமாக இரண்டு கிழங்கை இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். நம் தோட்டத்தில் பூஞ்சணம் விழுந்து அழிந்தாலும் அவரிடம் போய்த் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். மற்ற வகைகளுக்கெல்லாம் வில்ஃப்ரெட் அந்த வழக்கத்தைக் காத்தார். மெரியலுக்கு மட்டும் இல்லை.

பழைய நண்பர் ஆப்ரி டென்ச் ஒவ்வொரு வருஷமும் வந்து ஹேசல் மரத்தடியில் மண்டியிடுவார்.

"ஒண்ணே ஒண்ணு குடுடா கிழவா. நான் செத்தா உனக்கே எழுதி வைக்கிறேன்."

"நீ சாகமாட்டே. உன்னை மண்ணு ஏத்துக்காது."

"பூஞ்சணம் வந்தா என்ன பண்ணுவே? அப்போ அழுதுக்கிட்டு என் வாசல்ல வந்து நிப்பே."

"தேநீர் ஆறுது. எழுந்திரு."

1987-ம் வருஷம் மார்ச் முதல் வாரம் வில்ஃப்ரெட்டுக்குக் குடலிறக்க அறுவை. பதினைந்து நாள் நகரத்து ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். அதற்கு முந்தைய வாரம்தான் பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஒரு தோட்டத்துக்குள் யாரோ புகுந்து, பெயர்ப்பட்டையைப் படித்துப் பார்த்து, விலை போகிறவற்றை மட்டும் தோண்டிக்கொண்டு போயிருந்தார்கள். வில்ஃப்ரெட்டுக்கு வயிற்று வலியைவிட அந்தச் செய்தி அதிகம் வலித்தது. கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் தோட்டத்துக்குப் போனார். பூக்காலம் முடிந்து, இலைகள் மட்டும் நின்றன. ஹேசல் மரத்தடியில் கை நீட்டும் தூரத்தில் இரண்டு தூறுகள்: ஒன்று மெரியல், மற்றது எந்த வேலியோரத்திலும் கிடைக்கிற சாதா. இரண்டின் பட்டைகளையும் பிடுங்கி இடம் மாற்றிக் குத்திவிட்டு வந்தார். வருகிற திருடன் சாதாவைத் தோண்டிக்கொண்டு போகட்டும்.

மனைவி நெஸ்டாவிடம் சொல்லவில்லை. அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள், வாயில் எதுவும் நிற்காது. தவிர, பூ இல்லாத இலையை வைத்து எது எது என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று நினைத்துக்கொண்டார்.

திரும்பி வந்த அன்று, கையை வயிற்றில் அழுத்திக்கொண்டு தோட்டத்துக்குப் போனவர், மரத்தடியில் சமன்படுத்திய புதுமண்ணைப் பார்த்தார். சாதா என்ற பட்டை அதன்மேல் படுத்துக் கிடந்தது.

பின்னாலேயே நெஸ்டா வந்து நின்றாள். "சர்ச் விற்பனைக்கு ஏதாவது குடுன்னு கேட்டாங்க. அந்தத் தூறைப் பிரிச்சு ஏழு தொட்டி போட்டேன். ஒண்ணுகூட மிச்சமில்லை. எல்லாம் போயிடுச்சு."

"எல்லாமுமா?"

"எல்லாமும்தான்."

சாதா என்ற பெயரில் போனது மெரியல்தான். நெஸ்டா கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போனாள்.

அன்றிலிருந்து அவருக்கு ஒரே கவலைதான். அடுத்த பிப்ரவரியில் மெரியல் என்ற பட்டைக்குக் கீழே சாதாப் பூ பூக்கும். நெஸ்டா குனிந்து பார்ப்பாள். பெண்ணின் பூவைத் தன் கையாலேயே தோண்டி ஊருக்கு விற்றது அப்போது தெரிந்துவிடும். மெரியல் இறந்த வருஷம் அவள் ஐந்து மாதம் எழுந்து உட்காராமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தது அவருக்கு மறக்கவில்லை. இப்போது அவளுக்கு வயது அறுபத்தாறு. இன்னொரு முறை தாங்கமாட்டாள். அதற்குள் ஒரு கிழங்காவது தேடிப் பிடித்துக் கொண்டுவந்து பழைய இடத்தில் வைத்துவிட வேண்டும். அவளுக்குத் தெரியவே கூடாது.

சைக்கிளில் அலைந்தார். ஒருத்தி தொட்டியை ஜன்னலோரம் வைத்துத் தண்ணீர் ஊற்ற மறந்து, கிழங்கு சருகாகியிருந்தது. ஒருவர் புல்தரையில் நட்டு, இலை பழுப்பதற்கு முன்பே புல்வெட்டியை ஓட்டிவிட்டார். இரண்டு தொட்டிகளை, விற்பனை நடந்த சர்ச் மண்டபத்தில் மழைக்காக ஒதுங்கிய சுற்றுலா பஸ்காரர்கள் வாங்கிப் போனார்களாம். எந்த ஊர் பஸ் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருவர் வாங்கினதையே மறந்திருந்தார். அவருடைய காரின் பின்பெட்டியில் ஒரு மூலையில் காலித் தொட்டி உருண்டது. ஒரு வீட்டில் கிழங்கு நட்ட இடம் நன்றாகத் தெரிந்தது. தோண்டிப் பார்த்தால் புழு அரித்த தோல் மட்டும் இருந்தது. மே மாதம் வந்ததும் எல்லா இலையும் மண்ணுக்குள் போய்விட்டது. அதன் பிறகு தேடுவதற்கே ஒன்றுமில்லை. காத்திருக்கத்தான் முடியும்.

அந்தப் பத்து மாதமும் அவர் சைக்கிளை எடுக்கும்போதெல்லாம் நெஸ்டா சமையலறை ஜன்னலில் நின்றாள். எங்கே போகிறாய் என்று ஒரு தடவையும் கேட்கவில்லை.

மிச்சம் ஒரு தொட்டி. அது டிலிஸ் பிரீஸிடம் போயிருந்தது. தோல் மண்டி நடத்திய புருஷன் இறந்த பிறகு தனியாக இருப்பவள். அவள் நாக்குக்குப் பயந்து தபால்காரரே வேலிக்கு வெளியில் நின்று கடிதத்தை நீட்டுவார்; வில்ஃப்ரெட்டும் அங்கே போவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். ஜனவரி கடைசி வாரம் வில்ஃப்ரெட் போனபோது நிலக்கரிக் கொட்டகையை ஒட்டி, வடக்குக் காற்று நேராக அடிக்கிற மோசமான இடத்தில், ஐந்து பூ நின்றது. மண்டியிட்டு ஒன்றை நிமிர்த்தினார். ஒரு இதழ் குட்டை. குறி இடது பக்கம் சாய்ந்திருந்தது.

"நல்லாப் பாருங்க மிஸ்டர் கிட்டின்ஸ். பாக்கறதுக்குக் காசு இல்லை" என்றாள் டிலிஸ், கையில் கரி வாளியோடு.

"இதுல ரெண்டு கிழங்கு எனக்கு வேணும் மிசஸ் பிரீஸ்."

"சாதாப் பூதானே? உங்க வீட்டம்மாதான் தன் கையால அப்படி எழுதி வித்தாங்க. உங்க தோட்டத்துல இல்லாத சாதாவா?"

"இது சாதா இல்லை. தவறிப்போச்சு."

"யாரு தவறு?"

அவர் பேச்சை மாற்றினார்.

"பதிலுக்குப் பத்து வகை தரேன். நீங்களே வந்து பொறுக்கிக்கலாம்."

"அடேயப்பா! ரெண்டுக்குப் பத்தா? அப்போ நான் தங்கத்தைத்தான் கரிக் கொட்டகையில போட்டிருக்கேன்." வாளியைக் கீழே வைத்தாள். "உங்க ஆளுங்களை எனக்குத் தெரியும். ரெண்டு வருஷம் முன்னாடி ஒருத்தர் எங்க அக்கா வீட்டுல இதே மாதிரி மண்டி போட்டு, இதே மாதிரி மூக்கை உறிஞ்சி ஒண்ணு வாங்கிட்டுப் போனார். அடுத்த வருஷமே விலைப்பட்டியல்ல வந்துடுச்சு. சரி, நேராவே கேக்கறேன். இது உங்களுக்கு எதுக்கு? காரணத்தைச் சொல்லுங்க. நியாயமா இருந்தா முழுத் தூறையும் எடுத்துட்டுப் போங்க. நான் ஒண்ணும் கல்லு இல்லை."

ஒரு வார்த்தை சொன்னால் போதும். வில்ஃப்ரெட்டுக்கு அது தெரிந்திருந்தது. வாயைத் திறந்தார். பட்டையில் கீற முடிந்த பெயர் வெளியே வரவில்லை. கரி வாளியையும் அவளுடைய ரப்பர் காலணியையும் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். டிலிஸ், நியாயமாகச் சொன்னால், பொறுமையாகவே காத்திருந்தாள்.

"சேகரிப்புக்குத்தான்" என்றார் கடைசியில்.

"அப்போ இது இங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லி அவள் வாளியை எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்தார். நெஸ்டா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"மெரியலோட பூவைப் பத்தியா?"

அந்தப் பெயர் அந்தச் சமையலறையில் ஒலித்துப் பதினெட்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"உனக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியாம போகுமா வில்ஃப்? ஹேசலுக்கு இந்தப் பக்கம் அவ, அந்தப் பக்கம் சாதா. கண்ணைக் கட்டிவிட்டாலும் காட்டுவேன். அதுல கடைசியா ஒரு பூ வேற நின்னுது. நொண்டிக் காலு." கத்தியை வைத்துவிட்டுக் கையை ஏப்ரனில் துடைத்தாள். "போய்ப் பாக்கறேன், அவ பேரை எடுத்து வேற எதுமேலயோ குத்தி வச்சிருக்கே. அவ தலையில சாதான்னு ஒட்டியிருக்கே. எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

"திருட்டுக்குப் பயந்து..."

"தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போற அன்னிக்கு அதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீ சொல்லமாட்டே. வருஷா வருஷம் அங்க போய் மண்டி போட்டு அரை நாள் அவகூட இருந்துட்டு வருவே. வந்து என்கிட்ட உருளைக்கிழங்கு வெந்துதான்னு கேப்பே. எனக்கும் அவளைப் பத்திப் பேச யாராவது வேணும்னு உனக்குத் தோணவே இல்லை. அவ எதைத் தனக்குன்னு வச்சுக்கிட்டா? மிட்டாயைக்கூடத் தெருவுக்கே குடுப்பா. நீ ஒரு கிழங்கு ஆப்ரிக்குக் குடுக்கலை. சரி, ஊருக்கே போகட்டும்னு குடுத்துட்டேன். கோவத்துலதான். அப்புறம் ரொம்ப அழுதேன்."

"ஒரு வருஷமா நான் அலையறதைப் பாத்துட்டு இருந்தியே."

"இன்னிக்கு வந்து சொல்லுவே, நாளைக்கு வந்து சொல்லுவேன்னு பாத்துட்டு இருந்தேன்."

அடுப்பில் தண்ணீர் கொதித்து வற்றியது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. இருட்டின பிறகு வில்ஃப்ரெட் கேட்டார்: "அவ பூவை வச்சுக் கொண்டுவந்த தொப்பி என்ன நிறம்? நீலமா?"

"பச்சை. நான்தான் பின்னினேன். ஒரு காதுப் பக்கம் பெரிசாப் போச்சு."

அவ்வளவுதான் பேசினார்கள் என்று அவர் சொன்னார். அதற்கு மேலும் பேசியிருப்பார்கள் என்று நான் நினைக்கிறேன்.

வில்ஃப்ரெட் அந்த வாரம் இரண்டு முறை டிலிஸ் வீட்டு வேலிவரை போய்த் திரும்பினார். உள்ளே போகவில்லை. நெஸ்டா போகத் தயாராக இருந்தாள். வேண்டாம், நானே கேட்கிறேன் என்று அவர் தடுத்துவிட்டார். மார்ச்சில் நெஸ்டாவுக்குப் பக்கவாதம் வந்தது. ஒரு வருஷம் பேச்சில்லாமல் இருந்து இறந்தாள். ஆப்ரி டென்ச் ஒரு ஆப்பிள் கேக்கைக் கொடுத்து டிலிஸிடம் இரண்டு கிழங்கு வாங்கினார். வில்ஃப்ரெட் எத்தனையோ வருஷமாகக் காட்டிய பூ அது என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. ஆனால் நண்பரின் முகத்தைப் பார்த்து அவரும் கேட்காமல் விட்டார், பூவுக்கு டிலிஸ் பிரீஸ் என்றே பெயர் எழுதினார். அந்தப் பெயரிலேயே அது பல ஊர்களுக்குப் போயிருக்கிறது. ஆப்ரி 1991-ல் இறந்தார். டிலிஸ் தன் அக்கா வீட்டுக்குக் குடிபோனாள். அவள் வீட்டை வாங்கியவர்கள் கொட்டகையை இடித்துக் கார் நிறுத்தத் தளம் போட்டார்கள். வில்ஃப்ரெட் எண்பத்தொன்பது வயதுவரை இருந்தார். ஆப்ரியின் மகன் கொடுத்த அதே பூவின் மூன்று கிழங்கு அவருடைய தோட்டத்தில் பூத்தது. அதற்கு அவர் எந்தப் பெயரிலும் பட்டை வைக்கவில்லை.