சிவப்புப் புள்ளி வைத்த திருகாணிகள்

ஐறீன் யாரையும் இலேசில் நம்புகிறவள் இல்லை. கொட்டாஞ்சேனைச் சந்தையில் மீன்காரன் தானாகவே பாரை மீனின் செவுளை விரித்துக் காட்டினால், கேளாமல் ஏன் காட்டுகிறான் என்று அடுத்த கடைக்குப் போய்விடுவாள். காஸ் சிலிண்டர் வந்தால், கொண்டுவந்தவனை வாசலில் நிறுத்தி வைத்துவிட்டுத் தராசில் ஏற்றிப் பார்ப்பாள். கணவன் ரொனி துறைமுகத்தில் இருந்து வெள்ளென வந்தாலும் கேள்வி, பிந்தி வந்தாலும் கேள்வி. பாவம் மனிதன், இரண்டுக்கும் பதில் தயாராக வைத்திருப்பான்.

அப்படிப்பட்டவள் வெள்ளவத்தையில் இன்ஸாப்பின் கடையில் பாவித்த லப்டொப் ஒன்றை வாங்கினாள் என்றால், அது தம்பி மெல்ரோய் கொடுத்த உறுதியால்தான். இன்ஸாப் மெல்ரோயோடு ஒன்றாகப் படித்தவன். நத்தாருக்கு நத்தார் வீட்டுக்கு வந்து ஐறீன் வெட்டிக் கொடுத்த கேக்கைத் தின்று வளர்ந்த பொடியன். அவன் கடையில் யார் எதைக் கேட்டாலும் தூக்கிக் கொடுப்பான். பக்கத்துக் கடைக்காரன் கொண்டுபோன பிரிண்டர் எப்போது திரும்பி வரும் என்று அவனுக்கே தெரியாது. வியாபாரிக்கு இவ்வளவு தாராளம் எதற்கு என்று ஐறீனுக்கு அப்போதே மனதுக்குள் நெருடியது.

ஐறீனின் வேலை வெளிநாட்டுக் காப்புறுதிக் கம்பனி ஒன்றின் வாடிக்கையாளரோடு வீட்டில் இருந்தபடி கதைப்பது. லப்டொப் வாங்கிய கிழமையே தொல்லை தொடங்கிவிட்டது. யாராவது கோபமாகக் கத்துவார்கள், ஐறீன் மேசையில் சாய்ந்து அவசரமாகத் தட்டச்சு செய்வாள், உடனே திரை இருண்டுவிடும். கத்திய ஆள் அறுந்த தொலைபேசியோடு இன்னும் கத்துவார். மேலதிகாரி இரண்டு தடவை பொறுத்தாள். மூன்றாவது தடவை, வருகிற திங்கட்கிழமை கூட்டத்திலும் இப்படி நடந்தால் வேறு ஆளைப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டாள். ஐம்பதை நெருங்குகிறவளுக்கு இன்னொரு வேலையை யார் தட்டில் வைத்து நீட்டப் போகிறார்கள்?

லப்டொப்பைக் கடைக்குக் கொண்டுபோனால் அது சொன்னபடி கேட்கும். இன்ஸாப் தட்டத் தட்ட ஒரு குறையும் காட்டாது. முதல் முறை அதைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாள். இரண்டாம் முறை கடையில் விட்டுவிட்டு வரும்போது ஒரு வேலை செய்தாள். அடிப்பக்கத்துத் திருகாணிகள் ஒவ்வொன்றின் தலையிலும் தன் நகத்துக்குப் பூசும் சிவப்பு கியூடெக்ஸால் ஒரு சின்னப் புள்ளி வைத்தாள். திறந்தால் புள்ளி உடையும். தன் புத்தியை நினைத்து அவளுக்கே பெருமையாக இருந்தது.

சனிக்கிழமை அதை எடுக்கப் போனபோது கடையில் வழக்கமான வாதம் நடந்துகொண்டிருந்தது. உலகத்திலேயே மோசமாக அமைத்த கணினிச் சாமான் எது என்பதுதான் பேச்சு. சனிக்கிழமையில் இவர்களுக்கு வேறு வேலை கிடையாது.

"நான் செல்றது அந்த மௌஸ்," என்றார் ஜாபிர் நானா. பக்கத்தில் புடைவைக் கடை வைத்திருப்பவர், வாதத்துக்கென்றே தன் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு வருவார். "சார்ஜ் போடுற ஓட்டைய வயித்துக்குக் கீழ வெச்சீக்கிறானுவள். சார்ஜ் போட்டா கரப்பான் மாதிரி மல்லாந்து கிடக்கும். எப்புடி வேலை செய்ற?"

"அதைவிட மோசம், எழுத்தை அழிக்கிற கீக்குப் பக்கத்தில ஓஃப் பண்ணுற கீயை வைச்சது," என்றான் மெல்ரோய். "ஒரு எழுத்தை அழிக்கப் போனா முழு வேலையும் போயிடும்."

"ரெண்டு பேரும் சும்மா ஈங்க," என்றான் இன்ஸாப். "மெமரிய போர்டோட சேத்து ஒட்டினவனத்தான் முதல்ல புடிக்கணும். பழுதானா கழட்டி மாத்த ஏலா. முழு போர்டையும் வீசணும்."

ஐறீன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய சோறு போகப் போகிறது, இவர்களுக்குச் சிரிப்பு. இடக் கையில் கிடந்த காப்பைச் சுழற்றியபடி உள்ளே வந்தாள். கோபம் வந்தால் அப்படிச் சுழற்றுவது அவள் வழக்கம்.

"எல்லாத்தையும்விட மோசமானது எது தெரியுமோ?" என்றாள். "கடையில நல்லா வேலை செய்து, வாங்கின ஆளின்ர வீட்டில மட்டும் சாகிறது."

ஜாபிர் நானா மட்டும் சிரித்தார். இன்ஸாப் லப்டொப்பை எடுத்து மேசையில் வைத்தான். "ஒரு பிழையும் இல்ல அக்கா. நேத்து முழுக்க ஓட விட்டுப் பாத்தன். நீங்க ஒருக்கா இதுல குந்தி அடிச்சுப் பாருங்களன்."

ஐறீன் கைகளைக் கட்டிக்கொண்டாள். தான் தட்டும்போது அது நின்றுவிட்டால் நீங்கள்தான் பழுதாக்கினீர்கள் என்பான். அந்தப் பொறியில் விழ அவள் என்ன சின்னப் பிள்ளையா?

"நான் தொடமாட்டன். நீ இதைத் திறந்தனியோ?"

இன்ஸாப் ஒரு கணம் மெல்ரோயைப் பார்த்தான். "இல்ல அக்கா."

அவள் லப்டொப்பைக் கவிழ்த்தாள். சிவப்புப் புள்ளிகள் எல்லாம் உடைந்திருந்தன.

"அப்ப இது என்ன? பேய் வந்து திறந்ததோ? நல்ல பார்ட்ஸைக் கழட்டி வேற ஆருக்கோ போட்டிட்டு எனக்குக் கழிவைத் தந்திருக்கிறாய். என்ர கையால கேக் தின்ட பொடியன் நீ!"

கடைக்கு வந்திருந்த வேறு இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மெல்ரோய்க்கு முகம் கறுத்துவிட்டது. "அக்கா, மெதுவாக் கதையுங்கோ," என்றான்.

"மூணு தரம் திறந்தன்," என்றான் இன்ஸாப். குரல் தாழ்ந்திருந்தது. "ஒண்டும் புடிபடல்ல. இத்தின வருஷம் இந்த வேலை செய்றவன், ஒண்டும் தெரியல்ல எண்டு செல்ல வெக்கமா ஈந்திச்சி. அதான் பொய் சென்ன."

ஐறீன் அதை நம்பவில்லை. வெட்கத்துக்காகப் பொய் சொல்கிற வியாபாரியை அவள் கண்டதே இல்லை. இன்ஸாப் மேசையில் கிடந்த தன் சொந்த லப்டொப்பைப் பார்த்தான். அதைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனான். போனவன் வரக் கொஞ்சம் நேரமெடுத்தது.

"திங்கக்கிழமை வரைக்கும் இத வெச்சிக்கோங்க," என்று நீட்டினான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வாங்கிக்கொண்டாள். வேறு வழி இல்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதன் கமெராவின் மேல் பிளாஸ்டர் ஒட்டினாள்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து, திங்கட்கிழமைக்காகப் பழகிப் பார்க்க உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தத் திரையும் இருண்டது. முதலில் இன்ஸாப்பின் மேல்தான் கோபம் பாய்ந்தது, வேண்டுமென்றே பழுதானதைத் தந்திருக்கிறான். பிறகு இன்னொரு எண்ணம் வந்தது. இரண்டு லப்டொப்பும் இந்த வீட்டில்தானே சாகின்றன? ரொனி ஏன் ஒவ்வொரு தடவையும் தேநீரோடு பக்கத்தால் போகிறான்? இவள் வேலை செய்வது அவனுக்கு உள்ளூரப் பிடிக்கவில்லையோ?

கைத்தொலைபேசியைச் சீனி டின்னில் சாய்த்து வைத்து, மேசை தெரியும்படி வீடியோவை ஓட விட்டாள். இன்றைக்குக் கள்ளன் அகப்படுவான் என்று நினைத்தபடி வேலையைத் தொடங்கினாள். ரொனி போனான், வந்தான், தேநீர் வேண்டுமா என்று கேட்டான். திரை இரண்டு முறை இருண்டது. தொலைபேசியையும் லப்டொப்பையும் எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

வீடியோவில் ரொனி மேசையின் கிட்டக்கூட வரவில்லை. அதில் தெரிந்தது ஒரு கைதான். சாய்ந்து தட்டச்சு செய்யும்போது அவளுடைய இடக் கை லப்டொப்பின் மூலையில் போய்ப் படிகிறது. உடனே திரை இருள்கிறது. கை விலகுகிறது, திரை விழிக்கிறது. மறுபடி ஓட விட்டுப் பார்த்தாள். அதே கை, அதே மூலை. கையில் அந்தக் காப்பு.

அது காந்தக் காப்பு. லப்டொப் வாங்குவதற்குக் கொஞ்சம் முன்னர், அந்தோனியார் திருவிழா நேரம் தெருவோரத்தில் ஒருவன் விற்றான். கை உளைவு போகும், நரம்பு தளராது என்றான். ஒரு கேள்வி கேட்காமல் வாங்கிப் போட்டுக்கொண்டாள். மீன்காரனை, சிலிண்டர்காரனை, கட்டின புருஷனை, கேக் தின்ற பொடியனை எல்லாம் சந்தேகப்பட்டவள் வாழ்க்கையில் அப்படியே நம்பியது அந்தக் காப்புக்காரன் ஒருவனைத்தான்.

காப்பைக் கழற்றி மூலையில் வைத்துப் பார்த்தாள். இருண்டது. எடுத்தாள். விழித்தது. கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். கடையில் தான் கத்திய கத்தல் காதில் திரும்பக் கேட்டது, வெட்கம் உடம்பு முழுவதும் சுட்டது.

திங்கட்கிழமை கூட்டம் காப்பில்லாத வெறுங்கையோடு நடந்தது, திரை ஒரு முறையும் இருளவில்லை. மேலதிகாரி அவளைத் தொடரச் சொன்னாள். பின்னேரமே இரண்டு பஸ் மாறி வெள்ளவத்தைக்குப் போனாள். நல்ல காலமாக மெல்ரோயும் ஜாபிர் நானாவும் அங்கே இருந்தார்கள். கத்தியபோது கேட்டவர்கள் இதையும் கேட்கட்டும் என்று நினைத்தாள்.

கொண்டுவந்த இன்ஸாப்பின் லப்டொப்பைத் திறந்து, காப்பை மூலையில் வைத்தாள். திரை இருண்டது.

"அல்லாஹ்வே!" என்றான் இன்ஸாப். "மூடியில காந்தம் ஈக்கி அக்கா. மூடினா கீழ ஈக்கிற சென்சர் அதப் புடிச்சி லப்டொப்பத் தூங்க வெக்கும். ஒங்கட காப்ப மூடி எண்டு நெனச்சீக்கி. எனக்கு இது மூளைக்கு ஓடவே இல்லையே!"

"இதுதான் முதலாம் இடம்!" என்று ஜாபிர் நானா மேசையில் தட்டினார். "கைய வெக்கிற எடத்துல கண்ணுக்குத் தெரியாத சுவிச்சு! மௌஸெல்லாம் இனி ரெண்டாவது."

எல்லோரும் சிரித்தார்கள். மெல்ரோயும் சிரித்தான். ஐறீன் சிரிக்கவில்லை.

"பிழை என்ரதான் இன்ஸாப்," என்றாள். "ஆக்களுக்கு முன்னால உன்னைக் கள்ளன் எண்டன். என்னை மன்னிச்சுக்கொள்."

"அதெல்லாம் பரவாயில்ல அக்கா," என்றான். சொல்லிக்கொண்டே தன் லப்டொப்பை எடுத்து அலுமாரிப் பக்கம் திரும்பினான்.

அலுமாரிக் கண்ணாடியில் அவனுடைய கைகள் ஐறீனுக்குத் தெரிந்தன. லப்டொப்பைக் கவிழ்த்துப் பிடித்திருந்தான். அடிப்பக்கத்துத் திருகாணிகள் ஒவ்வொன்றின் தலையிலும், எழுத்தை அழிக்கிற வெள்ளை மையால் ஒரு சின்னப் புள்ளி இருந்தது. பக்கத்துக் கடைக்காரனின் பிரிண்டரைத் தேடாதவன், ஒவ்வொரு புள்ளியாக விரலால் தடவிப் பார்த்தான்.

ஒன்றும் உடைந்திருக்கவில்லை. இன்ஸாப் லப்டொப்பை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, "பிளேன்ரீ குடிக்கிறீங்களா அக்கா?" என்று கேட்டான்.