அலமாரி இல்லாத மேடை

மனித நாகரிகத்தைத் தொடங்கி வைத்தது கை அல்ல, கால். கை வெறும் குமாஸ்தா. கால் கொண்டுபோய் விட்ட இடத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பதோடு அதன் பங்கு முடிந்துவிடுகிறது. இந்த உண்மையை உலகத்துக்கு நிரூபிக்கும் பொறுப்பு மாட்டுங்காவில் மூன்றாவது மாடியில் வசிக்கும் என் வகுப்புத் தோழன் ஷ்ரவணிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. ஒப்படைத்தவனும் அவன்தான்.

கிங்ஸ் சர்க்கிள் ஹோட்டல் ஒன்றில் ரசவடை ஆறிக்கொண்டிருக்க, அவன் இதை எங்களுக்கு அறிவித்தான். எங்கள் மேஜையில் இடம் பிடித்திருந்த முன்பின் தெரியாத ஒருவர்கூடத் தன் கால்களை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். சயானில் இருக்கும் எங்கள் கல்லூரியின் விழாவில் பழைய வீடியோ கேம் போட்டி. பிளாஸ்டிக் கிட்டார், பிளாஸ்டிக் டிரம்ஸ். பாட்டு ஓடும்போது திரையில் வண்ணக் கட்டங்கள் இறங்கி வரும். அந்தந்த நேரத்தில் தட்ட வேண்டும். அணிக்கு இரண்டே பேர். கிட்டார் நான். டிரம்ஸ், செம்பூரில் காலனி வீட்டைக் காலி செய்த ஒரு குடும்பத்திடம் ஷ்ரவண் வாங்கியது. கையால் தட்டும் நான்கு வட்டங்களும் நன்றாக இருந்தன. காலால் மிதிக்கும் பெடல் மட்டும் இல்லை. அது பெங்களூருக்குப் போன பெட்டிகளில் எதிலோ கலந்துவிட்டதாக வீட்டுக்காரர் சொன்னார்.

பெடல் இல்லாமலும் ஆடலாம். செட்டிங்கில் 'ஆட்டோ கிக்' என்று ஒன்று உண்டு. அதைப் போட்டுவிட்டால் காலுக்கு உரிய அடிகளைக் கேமே அடித்துக்கொள்ளும். எங்கள் வகுப்பு விஜயராணி அப்படித்தான் ஆடினாள். தாராவியில் அவள் அப்பாவுக்கு பெல்ட் பட்டறை. கை சும்மா இருந்து பழக்கமில்லாத குடும்பம். முதல் நாளே அவள் எடுத்த ஸ்கோரை நானும் ஷ்ரவணும் சேர்ந்துகூட எடுத்ததில்லை. அதற்குப் பிறகுதான் அவனுக்குக் காலைப் பற்றி ஞானம் பிறந்தது.

"அரே யார், இது ஆட்டமே இல்லை," என்றான் ஷ்ரவண். "விஞ்ச்ல ஏறிப் பழனிக்குப் போறாப்லே இருக்கு. படி ஏறாதவாளுக்கு என்ன புண்ணியம்?"

"விஞ்சுல போனவுகளுக்கு விபூதி குடுக்காமலா அனுப்புதாக?" என்றாள் விஜயராணி.

"விபூதி வேற, தபஸ் வேற."

"ஒனக்கு எது வேணும்? தபஸா, ஃபர்ஸ்ட் பிரைஸா?"

ஷ்ரவண் நேர்மையாக யோசித்தான். "ரெண்டும்."

கடைசியில் ஒப்பந்தம் ஆனது. விழாவுக்குள் பெடல் செய்துவிட்டால் டிரம்ஸ் ஸ்டூலில் ஷ்ரவண். இல்லாவிட்டால் விஜயராணி.

"ஒண்ணு சொல்லிடறேன்," என்றான் அவன். "ஆட்டோ கிக் போட்டவா அந்த ஸ்டூல்ல உக்காரப்படாது. அது தர்மம்."

"சரில. ஒம் பெடல் ஓடலன்னா, தர்மம் கிர்மம்னு பேசாம எந்திரிச்சிரணும்."

அவளுக்கு அந்த ஸ்டூல் வேண்டும். எங்கள் கல்லூரி மேடையில் அவள் அதுவரை ஏறியதெல்லாம் நாற்காலி எடுத்துப் போடுவதற்காகத்தான். இந்த முறை அம்மாவை வேறு வரச் சொல்லியிருந்தாள்.

பெடல் என்பது உள்ளே ஒரு ஸ்விட்ச், அவ்வளவுதான். மிதித்தால் இணைய வேண்டும், விட்டால் பிரிய வேண்டும். ஷ்ரவண் இரண்டு பலகைத் துண்டுகளைக் கதவுக் கீலால் வாய்போலச் சேர்த்தான். நடுவில், அவன் அப்பாவின் கட்டில் தலைமாட்டில் தொங்கிய பெட் ஸ்விட்சை வைத்தான். பெட் ஸ்விட்சின் குணம், ஒரு அழுத்தில் எரியும், மறு அழுத்தில் அணையும். ஆகவே அவனுடைய மிதிகளில் ஒன்றுவிட்டு ஒன்றைத்தான் கேம் கணக்கில் எடுத்துக்கொண்டது.

"ரெண்டு மிதிக்கு ஒண்ணுதான் தருது," என்றாள் விஜயராணி. "ரேஷன் கடையால இது?"

"கேமுக்கு என் ஸ்பீட் புரியலை," என்றான் அவன்.

அடுத்து வாசல் காலிங் பெல்லின் ஸ்விட்ச் கழற்றப்பட்டது. அன்று முதல் அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் கதவைத் தட்டினார்கள். பலகை மேலே எழும்புவதற்குப் பழைய மெத்தையிலிருந்து ஒரு ஸ்பிரிங். அது பலகையை மட்டுமல்ல, முழங்கால்வரை எல்லாவற்றையும் எழுப்பியது. காலைத்தான் இதற்குத் தயார்படுத்த வேண்டும் என்று சொல்லி இரண்டு நாள் நொண்டியவன், பிறகு ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு ஒரு ரப்பர் செருப்பை அறுத்து வைத்தான். வேலை செய்தது. நாகரிகத்தின் அடுத்த கட்டம் ஒரு குளியலறைச் செருப்பின் குதிகாலில் வந்து நின்றது.

அப்போது கதவு தட்டப்பட்டது. இரண்டாவது மாடி நாணு மாமா. ரயில்வே ஆபீஸில் இருந்து ரிட்டையர் ஆனவர், கட்டிட சொசைட்டியின் செக்ரட்டரி.

"எடா ஷ்ரவண், என்னத்தெடா இடிக்கறாய்? மாவரைக்க மெஷின் இல்லையா ஆத்திலே?"

"காலுக்கு ப்ராக்டீஸ், மாமா."

"காலுக்கு என்னத்துக்குடா ப்ராக்டீஸ்? எழுபது வருஷமா நடக்கறேன். ஒரு நாள் ப்ராக்டீஸ் பண்ணினதில்லை, கேட்டயா."

வந்தவர் அத்தோடு போகவில்லை. அறை முழுக்க நடந்து, கீழே தன் வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று தரையைக் காட்டிச் சொல்லிக்கொண்டே வந்தார். இங்கே என் கட்டில். இங்கே டிவி. இங்கே சுவாமி. கடைசியில் இரும்பு அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் நின்றார்.

"இதுக்குக் கீழே பாத்ரூம். இங்கே இடிச்சுக்கோ. உள்ளே நான் இருந்தா பைப்பைத் தட்டறேன், நிறுத்திக்கோ."

அந்தச் சந்தில் டிரம்ஸ் ஒருவாறு நுழைந்தது. ஸ்டூலின் முதுகில் சுவர் இடித்தது. பெடலின் மூக்கு அலமாரிக் காலில் முட்டி நின்றது. மும்பை வீடுகளில் எந்தப் பொருளும் தனியாக நிற்பதில்லை. ஃபிரிட்ஜ் சுவரிலும், சுவர் அலமாரியிலும் சாய்ந்து ஒன்றையொன்று தாங்கிக்கொண்டிருக்கும். பெடல் அற்புதமாக வேலை செய்தது. நிமிஷக்கணக்கில் ஒரு மிதிகூடத் தவறவில்லை. விஜயராணி கடைசி ஒத்திகையைக் கதவருகே நின்று பார்த்தாள்.

"ஓடுதுல்லா," என்றாள். "சரி, நீயே உக்காரு." அம்மாவுக்குப் போன் செய்து, வர வேண்டாம் என்று சொன்னாள். மிச்சமிருந்த செருப்புத் துண்டைத் தன் பையில் எடுத்து வைத்துக்கொண்டாள், ஸ்பேர் வேண்டுமல்லவா.

விழா அன்று மேடைக்குப் புதிதாகப் பாலிஷ் போட்டிருந்தார்கள். முகம் பார்க்கலாம். பின்னால் பெரிய திரையில் எங்கள் கேம். கீழே கூட்டம். ஆரம்பிப்பதற்கு முன் ஷ்ரவண் மைக்கை வாங்கி, "மத்த டீம்லாம் ஆட்டோ கிக்ல வாசிப்பா. நாங்க காலால வாசிக்கறோம்," என்று ஹிந்தியிலும் ஒருமுறை சொன்னான். கூட்டம் கைதட்டியது. அதற்குக் கையைத்தான் பயன்படுத்தியது.

முதல் பாட்டு. முதல் மிதி. பெடல் ஒரு விரற்கடை முன்னால் நகர்ந்தது.

அதற்கு அலமாரி இல்லை. தன் வாழ்நாளில் முதன்முறையாக எதிரே முட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல், ஒவ்வொரு மிதிக்கும் அது கூட்டத்தை நோக்கிக் கொஞ்சம் போனது. ஷ்ரவணின் கால் நீண்டது. பிறகு ஸ்டூலும் கூடவே நகர்ந்தது. பல்லவி முடிவதற்குள் அவன் ஸ்டூலின் நுனியில், கை பின்னால் டிரம்ஸிலும் கால் முன்னால் பெடலிலுமாக, ரயில் கதவில் தொங்குகிறவனைப்போல இருந்தான். கடைசி மிதியில் வயர் பிடுங்கிக்கொண்டு வந்தது. திரையில் கால் கட்டங்கள் ஒன்றுவிடாமல் சிவப்பாகின. பெயில் ஆகாமல் தப்பித்தோம், நூலிழையில். இன்னும் ஒரு பாட்டு பாக்கி.

விஜயராணி மேடை ஓரத்துக்கு வந்தாள்.

"ஏல, அப்படியே இரு. நான் முன்னால உக்காந்து காலால முட்டுக் குடுக்கேன். ஒங்க வீட்டு அலமாரின்னு நெனச்சிக்கோ."

"ஸ்டேஜ்லயா? எல்லாரும் பாக்கறா."

"அப்ப எறங்கு. நான் வாசிக்கேன். பேசினது பேசினதுதான."

"ஒரே நிமிஷம். கனெக்‌ஷன் லூஸ், தட்ஸ் ஆல்."

அவன் பெடலை இழுத்துப் பழைய இடத்தில் வைத்தான். பிடுங்கிய வயரை எடுத்துச் செருகவில்லை; பலகைக்கு அடியில் சுருட்டித் தள்ளினான். பிறகு கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, ஏதோ திருகாணி முடுக்குகிறவனைப்போல, டிரம்ஸின் பட்டன்களை அழுத்தினான். அவன் குனிந்தானே தவிர, பெரிய திரை குனியவில்லை. செட்டிங் திறந்தது. வரிசையாக இறங்கியது. ஓரிடத்தில் நின்றது. 'ஆஃப்' என்று இருந்தது 'ஆன்' என்று மாறியது. கூட்டத்துக்கு அது ஒரு வரி. முன்னால் ஆடிய அணிகள்கூடப் பக்கத்துக் கடையில் வடாபாவ் சாப்பிடப் போயிருந்தன.

நான் கிட்டாரைப் பார்த்துக்கொண்டேன்.

இரண்டாவது பாட்டு ஆரம்பித்தது. கால் கட்டங்கள் எல்லாம் பச்சையாக வந்து பச்சையாகப் போயின. ஷ்ரவண் வெறி வந்தவனைப்போல மிதித்தான். முன்வரிசையில் ஒருவர் மொபைலை எடுத்து அவன் காலை மட்டும் படம் பிடித்தார். பெடல் மறுபடி புறப்பட்டது. இந்த முறை அதைப் பிடித்து இழுக்க வயரும் இல்லை. காலுக்கு எட்டாமல் போன பிறகும் நிற்காமல், பாலிஷில் வழுக்கிக்கொண்டே மேடையை நிதானமாகக் கடந்து விளிம்புவரை வந்தது. விழுவதற்குள் விஜயராணி கை நீட்டி எடுத்தாள். பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

பிறகு என்னைப் பார்த்து, மூன்று விரலால் நெற்றியில் விபூதி இழுத்துக் காட்டினாள்.

ஷ்ரவண் கண்களை மூடியிருந்தான். அவனுடைய கால் வெறும் மேடைத் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. ஒரு அடிகூடத் தவறவில்லை.