வயிற்றில் சிவப்பு இல்லாதவை

மிருகக்காட்சிசாலையை மூடப்போகும் சேதி ஊரெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியாகத்தான் சிலந்தியம்மாவின் காதுக்கு வந்தது. சிலந்தி அறை அவள் பொறுப்பு. சிலந்தியம்மா என்பது வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகள் வைத்த பெயர். சிங்கத்துக்கும் கரடிக்கும் போக இடம் கிடைத்தது. சிலந்தியை யார் கேட்பார்கள்? அவள் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. எல்லோரும் கையை விரித்தார்கள்.

கடைசி நாள் மேலாளர் சிலந்தி அறை வாசலிலேயே நின்று பேசினார். உள்ளே வர அவருக்கு எப்போதுமே உதறல்.

"விஷமுள்ளதை ஃப்ரீசர்ல வெச்சிடுங்கம்மா, வலியில்லாம போயிடும். மத்ததை வெளிய விட்டுடலாம்."

மூட்டை கட்ட வந்தவர்கள் டப்பாக்களைக் கலந்து குவித்து, பெயர்ச்சீட்டுகளையும் கிழித்துப் போட்டிருந்தார்கள். அவள் ஒவ்வொன்றாக எடுத்து, விளக்குக்கு நேரே தூக்கி, அடியிலிருந்து பார்த்தாள். மை போன்ற கறுப்பு, வயிற்றில் உடுக்கை வடிவில் ரத்தச் சிவப்பு என்றால் விஷமுள்ள விதவைச் சிலந்தி. அதே உருண்டை உடம்பு, அதே பளபளப்பு, ஆனால் நிறம் கொஞ்சம் பழுப்போடி, முன்பக்கம் நகக்கீற்று போல ஒரு வெளிர் வளைவு, வயிற்றில் சிவப்பே இல்லை என்றால் போலி விதவை. அது கடித்தால் கொஞ்ச நேரம் வலிக்கும், அவ்வளவுதான்.

அங்கே எலெக்ட்ரீஷியனாக இருந்த அவள் புருஷன், அந்த அறையின் மின்சாரத்தைத் துண்டிக்க ஸ்க்ரூடிரைவரோடு காத்திருந்தான். 'புருஷனைத் தின்னுற சாதிகிட்ட என்ன கொஞ்சல்?' என்று வழக்கமாகச் சீண்டுவான். 'அது எப்பவாவதுதான், நீங்க பயப்படாதீங்க' என்பாள் அவள். அன்று அந்தச் சீண்டல் இல்லை. முட்டைப் பையை அணைத்தபடி இருந்த ஒரு விதவையை அவள் கையில் வைத்துக்கொண்டே நிற்கவும்தான் மெல்லச் சொன்னான்.

"அந்த ஒண்ணைப் போலிங்களோட வெச்சிடு. யாருக்குத் தெரியப்போகுது?"

"எவ வீட்டுக் குழந்தையாவது இது புகுந்த செருப்புல கால விட்டா?"

அவள் அதை ஃப்ரீசருக்குள் வைத்தாள். மூடி இறங்கும்வரை அது பையை விடவில்லை.

இருட்டுமுன் போலிகளை ஜெனரேட்டர் கொட்டகைச் சுவரின் விரிசல்களில் விட்டாள். தயங்கித் தயங்கி உள்ளே போயின. இவையாவது பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்தாள்.

மறுநாள் காலை சாவியை ஒப்படைக்க வந்தபோது கொட்டகைப் பக்கம் மருந்து நெடி மூக்கைத் துளைத்தது. கட்டடம் இடிக்க வந்த மேஸ்திரி முதுகில் தெளிப்பானோடு நின்றிருந்தார். சுவரடியில் கால்களைச் சுருட்டிக்கொண்டு எல்லாம் கிடந்தன.

"கிட்ட வராதீங்கம்மா. கறுப்பு விதவை. போன்ல படம் போட்டுப் பார்த்துட்டுதான் அடிச்சேன்."

அவள் குந்தி உட்கார்ந்து, ஒரு குச்சியால் ஒன்றைப் புரட்டினாள். "பாருங்க. வயித்துல சிவப்பு இல்ல. இது ஒண்ணும் செய்யாது."

அவர் மரியாதைக்குக் குனிந்து பார்த்தார். "எனக்கு எல்லாம் ஒண்ணுபோலத்தாம்மா தெரியுது. கூட வேலை செய்யறவங்களை நான்தானே பார்த்துக்கணும்."

அதில் தப்பு சொல்ல அவளுக்கு ஒன்றும் இல்லை. இன்னொன்றைப் புரட்டினாள். பிறகு இன்னொன்றை. அவர் நகர்ந்து போன பிறகும் புரட்டிக்கொண்டிருந்தாள்.

புருஷன் வந்து தோளைத் தொட்டான். "எழுந்திரு. போகலாம்."

"எங்க?" என்றாள்.

அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான்.