கறுப்பு வண்டி ஏறாத மேடு

வாரத்தில் ஆறு நாள் ஒர்க்‌ஷாப்பில் ஊரார் வண்டிக்கடியில் கிடப்பேன். ஏழாவது நாள் அக்கா வீட்டு வண்டிகளுக்கடியில். பதினெட்டு வருஷமாக இதுதான் என் தலையெழுத்து. அத்தான் ஆசைப்பட்டு வாங்கிப்போட்ட இரண்டு கிழட்டுக் கார்கள்; கறுப்பு பெரியது, நீலம் சின்னது. அத்தான் போய்ச் சேர்ந்து ஒரு வருஷமாகியும் எனக்கு விடுதலை கிடைக்கவில்லை.

இப்போது அக்கா சின்ன வீட்டுக்குக் குடிபோகிறாள். அங்கே ஒரு வண்டிக்குத்தான் இடம்.

"ரெண்டையும் ஓட்டிப் பாப்போம். எதை வச்சுக்கணும்னு நீயே சொல்லுடா, உனக்குத்தான் தெரியும்" என்றாள்.

தெரியாமலென்ன? நீலத்துக்கு ஆயிலை மாற்றி, பிளக்கைத் துடைத்தால் மாதக்கணக்கில் ஓடும். வளைவில் சொன்ன பேச்சு கேட்கும். மேட்டைக் கண்டால்தான் மூச்சு வாங்கும். கறுப்பு உயிரை வாங்கும். இந்த வாரம் கார்புரேட்டர், அடுத்த வாரம் ரேடியேட்டர். ஒரு சாமானும் கடையில் கிடைக்காது, நானே லேத்தில் கடைந்து போட வேண்டும். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டுமே, ஓட்டம் என்று வந்தால் கறுப்புதான் வண்டி. எந்த மேட்டையும் டாப் கியரிலேயே ஏறிவிடும்.

ஓட்டினால் அக்கா கறுப்பைத்தான் கேட்பாள். எனக்கோ முதுகு விட்டுப்போய்விட்டது. அவள் கிளம்பி வருவதற்குள் கறுப்பின் பானெட்டைத் திறந்து டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பி வைத்தேன். தீப்பொறி தாமதமாக விழும், இழுவை செத்துவிடும். சீ என்றுதான் இருந்தது. இருந்தும் செய்தேன்.

என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஊர்க்கோடி மேட்டில் முதலில் நீலத்தை ஓட்டினாள். பிறகு கறுப்பை. பாதி மேட்டில் அது திணறியது. இரண்டாவது கியருக்கு இறக்கினாள்.

"பாத்தியாக்கா? இதுக்கு வயசாயிடுச்சு. நீலமே போதும்."

வண்டியை ஓரங்கட்டினாள். இறங்கிப் பானெட்டைத் தூக்கி, டிஸ்ட்ரிபியூட்டரின் அடியைத் துணியால் துடைத்தாள். அரத்தால் கீறிய இரண்டு கோடுகள் தெரிந்தன. நேருக்கு நேர் நிற்க வேண்டியவை, விலகி நின்றன.

"அவரு இந்தக் கோட்டைப் போட்டப்ப டார்ச் புடிச்சது நான்தான்டா" என்றாள்.

என் ஸ்பேனரை எடுத்துத் தளர்த்தி, கோடுகளைச் சேர்த்து, முடுக்கினாள். எனக்குக் காதெல்லாம் எரிந்தது. மறுபடி கிளப்பினாள். மிச்ச மேட்டைக் கறுப்பு ஒரு முக்கல் முனகல் இல்லாமல் ஏறியது.

"முடியலைக்கா" என்றேன். "ஞாயித்துக்கிழமை வந்தாலே பயமா இருக்கு."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரெண்டையுமே தள்ளிவிட்டிருப்பேனேடா. எனக்கு எதுக்கு இந்த வயசுல காரு? ரிப்பேருன்னா நீ வருவேன்னுதான் வச்சிருந்தேன்."

ரிப்பேர் இல்லாவிட்டாலும் வருவேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஸ்பேனர் இல்லாமல் ஒரு நாளும் நான் அவள் வீட்டுக்குப் போனதில்லை.