உப்பு ஏறிய காரணம்

பிள்ளைகளுக்குச் செய்தி எழுதக் கற்றுக்கொடுக்கும்படி பள்ளியில் சொன்னபோது எளிதாகத்தான் தெரிந்தது. யார், என்ன, எங்கே, எப்போது, ஏன் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு, பருவநிலை மாறியதால் நம் ஊரில் நடந்த ஒன்றை எழுதி வரச் சொன்னேன்.

ஆறாம் வகுப்பு மாணவி தாவ், கால்வாயில் உப்புநீர் ஏறி டுரியான் பழத்தோப்புகள் கருகியதை எழுதி வந்தாள். 'ஏன்' என்பதற்கு நேரே 'பருவநிலை மாற்றம்' என்று இரண்டே சொல். யார் சொன்னது என்று கேட்டேன்.

"நீங்கதான் டீச்சர்."

ஊராரைக் கேட்டு எழுதச் சொன்னேன். அங்கேதான் வந்தது வினை. தோப்புக்காரி கிம் கடல் உயர்ந்துவிட்டது என்றாள். மதகுக் காவலரோ மேலே அணை கட்டி ஆற்றைத் தடுத்துவிட்டார்கள் என்றார். பேச்சுவாக்கில், இறால் குட்டைக்காரர்கள் கேட்டு கடல்நீரைத் தடுக்கும் மதகை ஒருநாள் திறந்ததையும் உளறிவிட்டார்.

அந்தக் குட்டைக்காரர்களில் ஒருவன் என் அண்ணன். வீட்டில் ஏழாவது பிள்ளை, அதனால் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஏழாம் மாமா. தாவ் அவனையும் விடவில்லை.

"தெறந்தோம்மா, ரெண்டு மணி நேரம். இறாலுக்கு உப்பு வேணுமில்ல? தெறக்கலேன்னாலும் அந்த வருஷம் உப்பு வந்திருக்கும்" என்று சொல்லியிருக்கிறான்.

நான் சொன்னதோடு சேர்த்து நாலு பேர் சொன்னதையும் எழுதிக்கொண்டுவந்து, "இதுல எது டீச்சர் நெசம்?" என்றாள்.

சிவப்புப் பேனாவோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் சொன்னதை அடித்தால் பொய். விட்டால், கருகிய தோப்பெல்லாம் அவன் தலையில் விடியும். கடலும் உயர்ந்திருக்கிறது, ஆற்றிலும் தண்ணீர் இல்லை. எது எவ்வளவு என்று எனக்கே தெரியவில்லை. கடைசியில் நாலையும் அப்படியே விட்டு, பள்ளிச் சுவரில் ஒட்டச் சொன்னேன்.

மறுநாள் காலை அண்ணன் வந்தான். சண்டைக்குத்தான் வருகிறான் என்று நினைத்தேன். நேரே சுவரருகே போய், விரலை வைத்து வரிவரியாகப் படித்தான். பிறகு தாவைக் கூப்பிட்டான்.

"இதுல ஒண்ணு தப்பு பாப்பா. ரெண்டு மணி நேரம் இல்ல, ஆறு."

அவள் பென்சிலை எடுத்து 'இரண்டு' என்பதை அடித்து 'ஆறு' என்று எழுதினாள். "அப்ப உங்களாலதான் உப்பு வந்துச்சா மாமா?"

"தெரியலம்மா" என்றான். சாமர்த்தியமாகச் சொன்னதுபோல் இல்லை. நிஜமாகவே தெரியாதவன் முகம் அது.

தாவ் என்னைப் பார்த்தாள். அதையும் எழுதிக்கொள் என்று மட்டும்தான் எனக்குச் சொல்லத் தெரிந்தது.